கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று: வகுப்புச் செமினாரும் ஸ்லைடு வடிவமைப்பும்

செமினார் நாள். விளக்கை அணைக்கிறார்கள், சன்னல் கதவைச் சாத்த ஒருவர் எழுந்து போகிறார். பென்டிரைவ் கைமாறி, கேபிள் மாறி, ஒருவழியாகத் திரையில் முதல் ஸ்லைடு விழுகிறது. பேச வந்த மாணவர் வகுப்புக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்த்து நிற்கிறார். அதிலுள்ள வரிகளை அப்படியே வாசிக்கிறார். அவர் மூன்றாம் வரிக்கு வருவதற்குள் வகுப்பு எட்டாம் வரியைப் படித்து முடித்துவிடுகிறது. அதுவும் முன்வரிசைக்காரர்கள் மட்டும்தான். கடைசி பெஞ்சுக்குத் தெரிவதெல்லாம் சாம்பல் நிறக் கோடுகள். கடைசி ஸ்லைடில் ஒரு ரோஜாப்பூவும் ‘நன்றி’யும். கைதட்டல். பத்து நிமிடமாக என்ன சொன்னார் என்று கேட்டால் ஒருவராலும் ஒரு வாக்கியம் சொல்ல முடியாது.

மாணவரைக் கடிந்து பயனில்லை. மென்பொருளை இயக்கக் கற்றுத் தருகிறோம். திரையில் எதை வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்று கற்றுத் தருவதில்லை. ஆனால் இந்தக் கேள்வியை உளவியலாளர்களும் புள்ளியியலாளர்களும் பொறியியல் ஆசிரியர்களும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு பொது விடை துலங்குகிறது. பேச்சு காதுக்கு, ஸ்லைடு கண்ணுக்கு, எழுத்தறிக்கை பிறகு உட்கார்ந்து படிப்பதற்கு. இந்த மூன்றையும் ஒரே கோப்பில் திணிக்கும்போதுதான் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன.

இந்தக் கட்டுரை நெடுகிலும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: ‘2019இல் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம்’ என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேச வேண்டிய இரண்டாம் ஆண்டு மாணவி.

கருவி வந்த வழி

அமெரிக்காவின் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் உருவாக்கிய பவர்பாயின்ட் 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. முதல் பதிப்பு இன்றுபோலக் கணினியிலிருந்து நேரே திரைக்குப் படம் அனுப்பவில்லை. ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரில் வைக்கும் கண்ணாடித் தாள்களுக்கான கறுப்பு வெள்ளைப் பக்கங்களை அச்சிட்டுத் தந்தது, அவ்வளவுதான். கூட்டத்தில் பேசுபவருக்குத் துணைப்பொருள் செய்து தருவதே அதன் பிறவி நோக்கம். பேச்சாளர் இல்லாமல் தனியே படிக்கும் ஆவணமாக அது பிறக்கவில்லை.

ஆனால் தலைப்பு ஸ்லைடுக்கு அடுத்துப் புதிய ஸ்லைடு ஒன்றைச் சேர்த்தால் மென்பொருள் நம்முன் நீட்டுவது என்ன? மேலே ஒரு தலைப்புப் பெட்டி, கீழே புள்ளி வைத்த வரிகளுக்கான ஒரு பெரிய பெட்டி. காலிப் பெட்டியைக் கண்டால் நிரப்பத் தோன்றுவது மனித இயல்பு. எனவே பெரும்பாலோர் முதலில் எடுக்க வேண்டிய முடிவை மென்பொருள் அவர்களுக்காக எடுத்துவிடுகிறது. செய்தியைப் பட்டியலாக உடைத்துவிட வேண்டும் என்பதே அந்த முடிவு.

இரண்டு வாசல்கள்

கனடாவின் ஆலன் பைவியோ 1970களில் முன்வைத்த கருத்து இந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடித்தளம்: சொல்லையும் படத்தையும் மனம் தனித்தனித் தடங்களில் கையாள்கிறது; இரண்டிலும் பதிந்தது எளிதில் மறப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1988இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். புதியதைக் கற்கும்போது மனத்தின் உடனடிக் கொள்ளளவு மிகச் சிறியது; தேவையற்ற சுமை ஏற்றினால் கற்க இடமிருக்காது. இவ்விரண்டையும் இணைத்து, கலிபோர்னியாவின் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகள் சோதனைகள் நடத்திச் சில நெறிகளை வகுத்தார். ஸ்லைடு செய்பவருக்கு அவற்றுள் நான்கு போதும்.

ஒன்று, பாடத்தோடு ஒட்டாத சுவாரசியம் கற்றலைக் கெடுக்கும். நம் மாணவியின் ஸ்லைடு மூலையில் துள்ளும் கார்ட்டூன் நீர்த்துளி அந்த வகை. இரண்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று அம்புக்குறியாலோ நிறத்தாலோ காட்டினால் கேட்பவர் அலைய வேண்டியதில்லை. மூன்று, படத்தின் பெயர்க்குறிப்பு அந்தந்த உறுப்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ‘அ, ஆ, இ’ என்று குறியிட்டு விளக்கத்தைக் கீழே அடுக்கினால் கண் மேலும் கீழுமாக ஓடிக் களைக்கும். நான்காவதுதான் செமினார் வகுப்பில் தினமும் மீறப்படுவது. படத்தைக் காட்டி வாயால் விளக்கும்போது அதே வாக்கியங்களை எழுத்திலும் திரையில் ஓடவிட்டால் கற்றல் குறைகிறது. காது கேட்கும் வேகமும் கண் படிக்கும் வேகமும் ஒத்துப்போவதில்லை. இரண்டையும் ஒட்டவைப்பதிலேயே மனம் செலவாகிவிடுகிறது.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிட்டார். அவற்றுள் ‘கூறியது கூறல்’ ஒன்று. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுவது இந்தக் குற்றத்தின் புது வடிவம். முன்பு ஒரே வாய் இருமுறை சொன்னது. இப்போது வாயும் திரையும் ஒரே நேரத்தில் சொல்கின்றன.

மேயரின் நான்காம் நெறிக்கு விலக்குகளும் உண்டு. நம் வகுப்பறைக்கு அவை முக்கியமானவை. பேசும் மொழி கேட்பவருக்குத் தாய்மொழியாக இல்லாதபோதும், கலைச்சொற்கள் புதியவையாக இருக்கும்போதும் திரையில் எழுத்து இருப்பது உதவும். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து ஆங்கிலத்தில் செமினார் கேட்கும் மாணவருக்கு, பேச்சில் வழுக்கிப்போகும் ஒரு சொல் திரையில் நிற்பது பெரிய கைத்தாங்கல். ஆகவே ‘எழுத்தே வேண்டாம்’ என்பது விதியாகாது. முக்கியச் சொற்கள் இருக்கட்டும், வாக்கியங்கள் வேண்டாம் என்பதே சரியான அளவு.

இங்கே ஒரு பழைய தவறையும் கழித்துவிடலாம். ‘ஒரு ஸ்லைடில் ஏழு வரி, வரிக்கு ஏழு சொல்’ என்ற விதிக்கு உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற ஏழு பற்றிய கட்டுரையைச் சான்று காட்டுவார்கள். அந்தக் கட்டுரை கண்முன் இல்லாததை மனத்தில் பிடித்துவைக்கும் திறனைப் பற்றியது. ஸ்லைடு கண்முன்னே இருக்கிறது. ஏழு வரி என்பதற்கு அறிவியல் ஆதாரம் அதில் இல்லை.

கொலம்பியாவின் ஒரு ஸ்லைடு

ஸ்லைடு பற்றிய எந்த விவாதமும் 2003இல் வந்து நிற்கும். அந்த ஆண்டு ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருந்தபோதே சேதத்தை மதிப்பிட்ட போயிங் பொறியாளர்கள் நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகளாக அறிக்கை தந்தார்கள். பிப்ரவரி 1 அன்று தரைதிரும்பும் வழியில் கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்தார்கள்.

அந்த ஸ்லைடுகளில் ஒன்றைப் புள்ளியியலாளர் எட்வர்ட் டஃப்டி வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். தலைப்பு நிம்மதி தரும் தொனியில் இருந்தது. கீழே ஒன்றுக்குள் ஒன்றாகப் புள்ளியிட்ட அடுக்குகள். ‘குறிப்பிடத்தக்க’ என்ற பொருள்படும் ஒரே சொல் ஐந்து இடங்களில், இடத்துக்கு இடம் வேறு அர்த்தத்தில். மோதிய துண்டு சோதனைகளில் பயன்பட்ட துண்டைப்போல் 640 மடங்கு பெரியது. ஆகவே சோதனை முடிவுகளை இதற்கு நீட்டவே முடியாது. இந்தச் செய்திக்குரிய எண்கள் கடைசி அடுக்கின் கடைசி வரியில் கிடந்தன. விபத்தை ஆராய்ந்த குழு தன் அறிக்கையில் டஃப்டியின் பகுப்பாய்வை எடுத்தாண்டது. தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடுகளை வைத்து முடிவெடுக்கும் பழக்கத்தையும் கண்டித்தது.

இதிலிருந்து இரண்டு முகாம்கள் பிறந்தன. கருவியே சிந்தனையைத் துண்டுபோடுகிறது என்றார் டஃப்டி. அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004இல் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயின்டுக்குத் தடை போட்டு, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார். மறுமுகாமோ, கத்தி காய் நறுக்கவும் உதவும் கையை அறுக்கவும் செய்யும், பிழை அதைப் பிடித்த கையில்தான் என்றது. இரண்டு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொள்ளும்: அந்த ஸ்லைடு, ஸ்லைடின் வேலையைச் செய்யவில்லை, அறிக்கையின் வேலையைத் தூக்கிச் சுமந்தது. செமினார் வகுப்பில் நடப்பதும் அதுதான். உயிர்ச்சேதம் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

தலைப்பு ஒரு வாக்கியமாகட்டும்

பட்டியல் பழக்கத்துக்கு மாற்றாக அமெரிக்கப் பொறியியல் ஆசிரியர் மைக்கேல் ஆலி ஓர் எளிய வடிவத்தைப் பரப்பினார். ஸ்லைடின் தலைப்பு ஒரு முழு வாக்கியம். அது அந்த ஸ்லைடின் கருத்து. அதற்குக் கீழே அதை மெய்ப்பிக்கும் ஒரு படமோ வரைபடமோ நிழற்படமோ மட்டும். ஆலியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வாக்கியத் தலைப்பு கண்ட மாணவர்கள் சொற்றொடர்த் தலைப்பு கண்டவர்களைவிடச் செய்தியை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

நம் மாணவியின் முதல் வரைவில் தலைப்புகள் இப்படி இருந்தன: ‘அறிமுகம்’, ‘நீர் ஆதாரங்கள்’, ‘காரணங்கள்’, ‘தீர்வுகள்’, ‘முடிவுரை’. இவற்றை மட்டும் வாசித்தால் பேச்சு தண்ணீரைப் பற்றியதா மின்சாரத்தைப் பற்றியதா என்றுகூடச் சொல்வது கடினம். வாக்கியமாக்கினால்: ‘2019 ஜூனில் சென்னையின் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன’, ‘நகரம் பெரிதும் நம்பியிருப்பது மழையால் நிரம்பும் ஏரிகளை’, ‘ரயிலில் வந்த தண்ணீர் ஆறுதல்தான், தீர்வு அல்ல’. இப்போது தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே பேச்சின் வாதம் வந்துவிடுகிறது.

இந்த வடிவத்தின் உண்மையான பலன் திரையில் தெரிவதற்கு முன்பே கிடைக்கிறது. ‘காரணங்கள்’ என்று எழுத எதையும் படிக்கத் தேவையில்லை. ‘இன்ன காரணத்தால் இன்னது நடந்தது’ என்று எழுத, படித்து ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வாக்கியம் எழுத வரவில்லை என்றால் அந்த ஸ்லைடுக்கு இன்னும் கருத்து பிறக்கவில்லை என்று பொருள்.

எண்ணைக் கண்ணால் காட்டுவது

எந்த வரைபடத்தைக் கண் சரியாகப் படிக்கிறது என்ற கேள்விக்கு வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984இல் சோதனை வழியாக ஒரு தரவரிசை தந்தார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் அளவுகளை ஒப்பிடுவதில் கண் கெட்டி. கோணம், பரப்பு என்று போகப் போகத் தடுமாறுகிறது.

மாணவியிடம் 2019ஆம் ஆண்டுக்கான ஏரிக் கொள்ளளவுகள் இருக்கின்றன. செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கனஅடி, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081, மொத்தம் 11,257. இதை வட்ட வரைபடமாகப் போட்டால் முதல் மூன்றும் ஒரே அளவுத் துண்டுகளாகத் தோன்றும். எது பெரியது என்று அறிய எண்ணைத்தான் படிக்க வேண்டும். அதையே முப்பரிமாணமாகச் சாய்த்தால் முன்னால் நிற்கும் துண்டு பின்னால் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்து பொய் சொல்லும். பட்டை வரைபடமாக, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் ஒரே பார்வையில் வரிசை விளங்கும். எண்ணைப் பட்டையின் நுனியிலேயே எழுதிவிட்டால் பக்கவாட்டு அளவுகோலும் கட்டங்களும் தேவைப்படாது.

அடுத்த ஸ்லைடு இன்னும் சுவையானது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டருடன் சென்னை வந்தது. மீஞ்சூர்க் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் ஒருநாள் திறன் 10 கோடி லிட்டர். இவ்விரண்டையும் வரியாக எழுதினால் இரண்டு பெரிய எண்கள், அவ்வளவே. ஒரு நீலச் சதுரத்தை ரயில் என்று வைத்து, பக்கத்தில் ஆலைக்கு 40 சதுரங்களை அடுக்கிக் காட்டினால் வகுப்பு ஒரு நொடி பேச்சற்றுப் பார்க்கும். செய்திகளில் அத்தனை பெரிதாகப் பேசப்பட்ட ரயில், ஒற்றைச் சதுரம். ஸ்லைடால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது. இதே ஒப்பீட்டைப் பேச்சால் விளக்க ஐந்து வாக்கியம் வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு வேண்டியவை

வடிவமைப்பு நூல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொல் நீள்கிறது. ‘நீர்த்தேக்கங்களிலிருந்து’ ஒரே சொல். 30 புள்ளி அளவில் ஒரு வரியில் நான்கைந்து சொல் நின்றாலே அதிகம். ஆகவே தமிழ் ஸ்லைடில் சொற்சிக்கனம் இன்னும் அவசியம். பவணந்தியார் அழகுகளில் ஒன்றாகச் சேர்த்த ‘சுருங்கச் சொல்லல்’ இங்கே இடநெருக்கடியாலேயே கட்டாயமாகிறது.

கி, கீ ஆகியவற்றின் கொக்கி மேலே எழும். கு, மு, ழு ஆகியவற்றின் சுழி கீழே இறங்கும். வரி இடைவெளி போதாவிட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும். இயல்பு இடைவெளியைவிடச் சற்றுக் கூட்டி வைப்பது நல்லது. மிகத் தடித்த எழுத்தில் ண, ணை போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். சாய்வெழுத்து தமிழுக்கு இயல்பல்ல. பெரிய எழுத்து என்பதும் நமக்கில்லை. எனவே அழுத்தம் கொடுக்க அளவும் நிறமும் மிதமான தடிப்புமே நம் கைவசம். இருபக்கமும் ஓரம் சேர்க்கும் ஒழுங்கைத் தவிர்க்க வேண்டும். நீண்ட சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும்.

எழுத்துருவில் முதல் விதி யூனிகோட். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை அந்த எழுத்துரு இல்லாத வகுப்பறைக் கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். நிர்மலா விண்டோஸுடனேயே வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. எதுவானாலும் பிடிஎஃப் படி ஒன்றைப் பென்டிரைவில் கூடவே வைத்திருப்பது பாதுகாப்பு.

வெளிச்சமும் தொலைவும்

ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. திரையில் கறுப்பாகத் தெரிவது, ஒளி விழாத இடம். அந்த அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறதோ அதற்குமேல் அது கறுக்காது. சன்னல் வழியே வெயில் அடிக்கும் வகுப்பில் கருநீலப் பின்புலம் வெளிறிய சாம்பலாகிவிடும். அதன்மேல் மஞ்சள் எழுத்து கரைந்துபோகும். பகல் வகுப்புக்கு வெளிர் பின்புலமும் கரிய எழுத்தும், இருட்டிய அரங்குக்கு மட்டும் அடர் பின்புலம். இணையப் பக்கங்களுக்கான பன்னாட்டு அணுகுநெறி எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்தானால் 3:1 என ஒளிவேறுபாடு கேட்கிறது. ப்ரொஜெக்டர் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதால் நாம் அதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் வகுப்பில் இருக்கக்கூடும். ‘சிவப்பு மோசம், பச்சை நல்லது’ என்று நிறத்தை மட்டும் நம்பாமல் சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசி பெஞ்சுக்குத் தெரியுமா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். திரை 2 மீட்டர் அகலம், கடைசி பெஞ்ச் 10 மீட்டர் தொலைவு என்றால் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு. மடிக்கணினித் திரையின் அகலம் சுமார் 31 சென்டிமீட்டர். அதன் ஐந்து மடங்கு ஒன்றரை மீட்டர். அத்தனை தூரம் தள்ளி நின்று படிக்க முடியாத எழுத்து வகுப்பிலும் படிக்கப்படாது.

எத்தனை ஸ்லைடு?

முதலீட்டாளர் கை காவசாகி சொன்ன 10–20–30 விதி, அதாவது பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது புள்ளி எழுத்து, முதலீடு கேட்டு வருபவர்களுக்கானது. 2003இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சா முறையில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 விநாடி, ஆக 6 நிமிடம் 40 விநாடி. வடிவமைப்பாளர்கள் பேச்சை நீட்டாமல் தடுக்க வந்த ஏற்பாடு அது. இரண்டும் நல்ல கடிவாளங்கள். இரண்டும் வகுப்புக்காகப் பிறந்தவை அல்ல. வகுப்பில் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வாதத்தின் படிகள். மாணவியின் பத்து நிமிடப் பேச்சில் ஆறு வாக்கியம் இருந்தால் ஆறு ஸ்லைடு. நாற்பது சதுரங்களைக் காட்டிவிட்டுக் கொஞ்சம் பேச வேண்டுமென்றால் பவர்பாயின்டில் ‘பி’ விசையைத் தட்டினால் திரை இருண்டுவிடும். கண்கள் பேசுபவரிடம் திரும்பும்.

மதிப்பெண் போடும் கை

இத்தனை தெரிந்தும் மாணவர்கள் ஏன் வரிகளைக் கொட்டுகிறார்கள்? காரணம் பாதி நம் மதிப்பீட்டு முறையில் இருக்கிறது. ‘குறைந்தது பதினைந்து ஸ்லைடு’ என்று கேட்கிறோம். பேச்சு முடிந்ததும் கோப்பை வாங்கிவைத்து, பேச்சைக் கேட்காத ஒருவர் அதைப் புரட்டி மதிப்பெண் போடும் வழக்கமும் இருக்கிறது. அவருக்கு ஒற்றைச் சதுரமும் நாற்பது சதுரமும் எப்படி விளங்கும்? மாணவி பயந்து எல்லாவற்றையும் எழுதிவைக்கிறாள். அது அவளுடைய புரியாமை அல்ல, தற்காப்பு.

தீர்வு எளிது, கருவியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே குறிப்புப் பகுதி உண்டு. முழு விளக்கமும் தரவு எடுத்த இடமும் அங்கே போகட்டும். அல்லது தனியே இரண்டு பக்க அறிக்கை. ஸ்லைடுக்கு மதிப்பெண் போடும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்கலாம். தலைப்புகளை மட்டும் படித்தால் வாதம் வருகிறதா? படம் தலைப்பை மெய்ப்பிக்கிறதா? பேச்சு திரையை வாசிக்காமல் அதற்குமேல் எதையாவது சேர்க்கிறதா?

ஆய்வுகள் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. கிளீவ்லாண்ட், மெக்கில் தரவரிசை போன்றவை உறுதியாக நிற்கின்றன. வாக்கியத் தலைப்பு எல்லாப் பாடங்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்துமா என்பது பேச்சுக்குரியது. கவிதை வகுப்பில் ஒரு பாடலை முழுதாகத் திரையில் வைத்து வரிவரியாகப் படிப்பதே சரியான வழியாக இருக்கலாம். அங்கே எழுத்துதான் படம்.

செமினார் நடுவே மின்சாரம் போவது நம் ஊரில் புதிதல்ல. வரிகளை வாசித்துக்கொண்டிருந்தவர் அந்த இருட்டில் நின்றுவிடுவார். நம் மாணவி சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு சதுரம் வரைவாள். “இது ரயில்” என்பாள். பக்கத்தில் எட்டு எட்டாக ஐந்து வரிசை போடத் தொடங்குவாள். மூன்றாம் வரிசை முடிவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து யாராவது கேட்பார்கள்: “இது எல்லாமே ஒரே நாள் தண்ணியா?”